ஒல்லாந்துக்குப் போக முன்...



யாழ்ப்பாணத் தீவுகளின் பழைய வரைபடம் ஒன்றை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்றும் அதில் பெயர் போட்டிருக்கும். மூன்றுமே ஒல்லாந்து தேசத்து நகரங்கள். 1640இல் காலியைப் பிடித்து, 1796 வரை நமது கரையோரங்களை ஆண்டவர்கள், தங்கள் ஊர்ப் பெயர்களை நமது தீவுகளுக்குச் சூட்டிவிட்டுப் போனார்கள். அலுவலகத்தை நமது பெரியவர்கள் 'கந்தோர்' என்பார்களே, அதுவும் அவர்கள் விட்டுச் சென்ற சொல்தான். நாம் கறி சமைக்கும் போஞ்சியின் பெயரும் அப்படியே வந்தது.

அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க இன்று நம்மவர்களும் போகிறார்கள். ஐரோப்பாவில் குடியேறிய பிள்ளைகள் உம்மாவையும் வாப்பாவையும் அழைக்கிறார்கள். சிலர் பல வருடங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். ஆனால் ஒரு வாரத்தில் ஐந்து நாடுகள் என்று ஓடி, ஒரு காற்றாலையின் முன்னால் நின்று படம் பிடித்து, ஒரு சோடி மரச் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டால், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பவருக்குச் சொல்ல என்ன இருக்கும்?

ஆகவே ஏழு நாட்களை இந்த ஒரு நாட்டுக்கே ஒதுக்குங்கள். புறப்பட முன் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாடு எப்படி முழுகாமல் நிற்கிறது? அதன் செல்வம் எங்கிருந்து வந்தது? இந்த இரண்டுக்கும் விடை தேடிப் போனால், எங்கே போவது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

ஆயத்தங்கள்

நெதர்லாந்துக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் புத்தி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள்.

பூக்களைப் பார்க்க ஆசையென்றால் ஏப்ரல் மாதம் உகந்தது. லிஸ்ஸ ஊரிலுள்ள கொய்கன்ஹொப் பூந்தோட்டம் மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். ஒல்லாந்தின் அடையாளமாகிவிட்ட டியூலிப் மலர் அந்த மண்ணுக்குரியது அல்ல. உஸ்மானியத் துருக்கியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. பெயர்கூடத் தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே.

தங்குமிடத்தை நாளுக்கு நாள் மாற்ற வேண்டாம். சிறிய நாடு அது. ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் புகையிரதத்தில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அம்ஸ்டர்டாமில் அறை வாடகையோடு 12.5 வீத உல்லாசப் பயணி வரியும் சேரும். ஹார்லெம் போன்ற அயல் நகரங்களில் தங்கினால் கால் மணி நேரப் புகையிரதப் பயணம்தான், செலவும் குறையக்கூடும். வயோதிபர்கள் கூட வந்தால், மின்தூக்கி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய வீடுகளின் படிகள் ஏணி போலச் செங்குத்தானவை.

புகையிரதத்திலும் பஸ்ஸிலும் டிராம் வண்டியிலும் வங்கி அட்டையைத் தொட்டு ஏறி, தொட்டு இறங்கலாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும். இறங்கும்போது தொட மறந்தால் பணம் வீணாகும்.

முதல் இரண்டு நாட்கள்: அம்ஸ்டர்டாம்

உங்கள் பாடம் விமானம் தரையைத் தொடும்போதே ஆரம்பமாகிறது. ஷிபோல் விமான நிலையம் இருக்குமிடம் ஒரு காலத்தில் பெரிய ஏரி. மூன்று நீராவி இயந்திர நிலையங்களை வைத்து இறைத்து, 1852இல் அதை வற்றச் செய்தார்கள். விமானம் ஓடும் தளம் கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீற்றர் கீழே இருக்கிறது!

நகரத்துக்குள் 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய்கள் வளையம் வளையமாகச் சுற்றி வருகின்றன. யுனெஸ்கோ 2010இல் இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கரையோர வீடுகளை அண்ணாந்து பாருங்கள். முகட்டில் ஒரு கட்டையும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். பொருட்களைக் கயிற்றில் கட்டி மேலே தூக்குவதற்காக அமைத்தது அது. படகில் வந்த சரக்கு இப்படித்தான் மாடிக் களஞ்சியங்களுக்கு ஏறியது. சேற்று நிலம் ஆகையால் கட்டடங்கள் மரக் கட்டைகளின் மேல் நிற்கின்றன. டாம் சதுக்கத்தின் அரண்மனைக்கு மட்டும் 13,659 கட்டைகள் இறக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் றைக்ஸ் நூதனசாலைக்குப் போங்கள். 18 வயது வரை கட்டணமில்லை. ரெம்பிரான்ட் 1642இல் தீட்டிய 'இராக்காவல்' ஓவியம் அங்குதான் இருக்கிறது. நமக்குச் சொந்தமான ஒன்றும் நெடுங்காலம் அங்கே இருந்தது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டியைச் சூறையாடி எடுத்துச் சென்ற அலங்காரப் பீரங்கி அது. அதுவும் வேறு ஐந்து பொருட்களும் 2023 டிசம்பரில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டு, கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. பயணத்துக்கு முன் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். 258 வருடம் கழித்துப் பறித்தவர்களே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி நாசிகளுக்கு அஞ்சி மறைந்திருந்த வீட்டைப் பார்க்க, இணையத்தில் முன்கூட்டியே டிக்கட் எடுத்தால்தான் முடியும். இன்னொரு எச்சரிக்கை: அந்நகரில் 'கொபி ஷொப்' என்று பலகை போட்ட கடை கோப்பிக் கடை அல்ல, கஞ்சா விற்கும் இடம். கோப்பி குடிக்க 'கபே' என்ற பலகையைத் தேடுங்கள். சிவப்பு நிறப் பாதை சைக்கிள்களுக்குரியது. அதில் நின்று படம் பிடிக்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: காற்று செய்த வேலை

ஸான்ஸ ஸ்கான்ஸ் என்னும் கிராமம் புகையிரதத்தில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். பச்சை நிற மர வீடுகளும் ஆற்றங்கரைக் காற்றாலைகளும் பார்க்கக் கொள்ளை அழகு. இங்குள்ள பல கட்டடங்கள் அழிந்துவிடக்கூடாதே என்று சுற்றுவட்டாரத்திலிருந்து 1960களிலும் 70களிலும் பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கப்பட்டவை.

ஓர் ஆலைக்குள்ளே ஏறிப் பாருங்கள். சாயக்கல் அரைப்பது, எண்ணெய் ஆட்டுவது, மரம் அறுப்பது என ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு தொழில். ஸான் ஆற்றுப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் சுமார் 600 ஆலைகள் சுழன்றனவாம். 1593இல் கொர்னெலிஸ் கொர்னெலிஸ்ஸோன் என்பவர் காற்றினால் ஓடும் மர அரிவு ஆலைக்கு உரிமம் பெற்றார். கையால் பல நாள் அறுக்க வேண்டிய பலகையை ஆலை விரைவில் அறுத்துத் தந்தது. கப்பல் கட்டுவது சுலபமாயிற்று. 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆரம்பமானபோது, அதற்குக் கப்பல்கள் கட்டக் கைகொடுத்தது இந்தக் காற்றுதான்.

நான்காம் நாள்: கடலை இழந்த கிராமங்கள்

அம்ஸ்டர்டாமிலிருந்து பஸ்ஸில் சுமார் அரை மணியில் வொலன்டாம். அங்கிருந்து படகில் மார்க்கன். பாரம்பரிய உடை அணிவித்துப் படமெடுக்கும் கடைகள் வொலன்டாம் துறைமுகத்தில் உண்டு. எடுப்பதானால் எடுங்கள். ஆனால் இந்தக் கிராமங்களின் கதையை அறியாமல் திரும்பாதீர்கள்.

இவை கடற்கரைக் கிராமங்கள். மார்க்கன் ஒரு தீவு. 1916 ஜனவரியில் புயலோடு கடல் பொங்கியபோது மார்க்கனில் 16 பேர் மாண்டார்கள். வீடுகள் கட்டைகளின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதன் காரணம் அங்கு போனால் புரியும். இரண்டு வருடத்தில், கொர்னெலிஸ் லெலி என்ற பொறியியலாளரின் திட்டம் சட்டமாயிற்று. கடலின் வாயை 32 கிலோமீற்றர் நீள அணையால் அடைத்தார்கள். 1932 மே 28ஆம் திகதி கடைசி இடைவெளியும் மூடப்பட்டது. உள்ளே அகப்பட்ட கடல் படிப்படியாக நன்னீர் ஏரியானது.

நாடு தப்பியது. ஆனால் உப்பு நீரோடு ஹெரிங் மீனும் நெத்தலியும் போய்விட்டன. தலைமுறை தலைமுறையாக வலை வீசியவர்கள் கரையேறினார்கள். அவர்களுக்கு உதவ 1925இலேயே ஒரு சட்டம் செய்திருந்தும், போன கடலைப் பணம் ஈடு செய்யுமா? 1957இல் மார்க்கனுக்கும் அணைவழிப் பாதை வந்து, தீவு என்ற பெயரும் போயிற்று.

2004 சுனாமிக்குப் பின்னர், கரையிலிருந்து 100 மீற்றர், 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தபோது நமது கிழக்குக் கரையில் எழுந்த தவிப்பு நினைவிருக்கிறதா? உயிருக்குப் பாதுகாப்பும் வேண்டும், வயிற்றுக்குக் கடலும் வேண்டும். மார்க்கனின் ஒடுங்கிய தெருக்களில் நடக்கையில் அந்த வேதனையை வேறு எவரையும்விட நாம் விளங்கிக்கொள்வோம். அது காட்சிக்கூடமல்ல, மக்கள் குடியிருக்கும் ஊர். ஜன்னல்களில் திரை இல்லாவிட்டாலும் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். கேட்காமல் எவரையும் படம் பிடிக்காதீர்கள்.

ஐந்தாம் நாள்: ஹோர்ன், என்கௌசன்

ஒரே புகையிரதப் பாதையிலுள்ள இரு துறைமுக நகரங்கள். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் இரண்டு இங்கேயே இருந்தன. என்கௌசனில் 'மிளகு வீடு' என்ற பழைய கம்பனிக் களஞ்சியம் இன்று நூதனசாலையின் ஒரு பகுதி. பக்கத்திலுள்ள திறந்தவெளிக் கண்காட்சியில், கடல் மூடப்பட்டபின் கைவிடப்பட்ட வாழ்க்கையை வீடுகளோடும் கடைகளோடும் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு முழு நாள் போதாது.

ஹோர்ன் சதுக்கத்தில் யான் பீட்டர்ஸோன் கூன் என்பவரின் சிலை நிற்கிறது. ஜாதிக்காய் வியாபாரத்தைக் கைப்பற்ற, 1621இல் பண்டாத் தீவு மக்களைக் கொன்றும் நாடு கடத்தியும் அழித்தவர் இவர். அந்தக் குற்றச்சாட்டையும் சொல்லும் வாசகம் 2012இல் சிலையடியில் சேர்க்கப்பட்டது. இரண்டாவது கேள்விக்கு விடை இந்தச் சதுக்கத்தில் கிடைக்கும். அழகான முகப்பு வீடுகளுக்குப் பின்னால் பண்டாவின் ஜாதிக்காயும் இருக்கிறது, நமது கறுவாவும் இருக்கிறது. கறுவா உரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும், கரையோர முஸ்லிம்கள் மீது சுமத்தப்பட்ட ஊழியமும் இருக்கின்றன.

கடைசி இரண்டு நாட்கள்

ஆறாம் நாள் ஹேக் நகரம். வெர்மீரின் 'முத்துத்தோடு அணிந்த பெண்' மவுரிட்ஸ் மாளிகையில் இருக்கிறது. இந்நகரின் தேசிய சுவடிக்கூடத்தில்தான் இலங்கை பற்றிய கம்பனிக் கடிதங்களும் அடுக்கப்பட்டுள்ளன. மாலையில் அருகிலுள்ள டெல்ப்டுக்குப் போய், சீனப் பீங்கானைப் பார்த்து இவர்கள் செய்த நீலப் பாண்டங்களைப் பாருங்கள். நெடுந்தீவின் பெயர் நினைவுக்கு வரும்.

ஏழாம் நாள் ரொட்டர்டாம் வழியாகக் கிண்டர்டைக். 1740ஆம் ஆண்டளவில் கட்டிய 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. இவை மாவரைக்க அல்ல, தாழ்நிலத்து நீரை இறைத்து ஆற்றில் விடக் கட்டியவை. இறைப்பதை நிறுத்தினால் ஊர் முழுகிவிடும். 1953இல் தென்மேற்கு அணைகள் உடைந்து 1,836 பேர் மாண்டதை அவர்கள் மறக்கவில்லை. இன்று பம்பிகள் இரவு பகலாக வேலை செய்கின்றன.

சாப்பாடும் தொழுகையும்

1960களிலிருந்து துருக்கியரும் மொரோக்கோவினரும் தொழிலாளராக வந்து குடியேறியதால், பெரிய நகரங்களில் ஹலால் கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் குறைவில்லை. கிராமங்களில்தான் சிரமம். அங்கே மீனையும், கையில் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியையும் நம்புங்கள். பாற்கட்டி வாங்கும்போது, பாலைத் திரிய வைக்கச் சேர்த்தது மிருகப் பொருளா தாவரப் பொருளா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஜூன் மாதத்தில் மஃரிப் இரவு பத்து மணிக்கு. டிசம்பரில் மாலை நாலரைக்கே. அதற்கேற்ப நாளைத் திட்டமிடுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு நாள் காலிக் கோட்டைக்குப் போங்கள். 2004இல் வெளியே பஸ் நிலையத்தை அலை அடித்துக்கொண்டு போனபோது, ஒல்லாந்தர் பலப்படுத்திய அந்த மதில் உள்ளிருந்தவர்களைப் பெரிதும் காத்தது. அதன் மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்து, போகும்போது கொடுத்த இரண்டு கேள்விகளையும் திரும்பக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில், செலவழித்த பணத்தின் பெறுமதி உங்களுக்கே விளங்கும்.