ஒரு குளம்புக்கு ஏழு ஆணி

மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதில் முத்துக்குளிப்பைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்குள் தங்கிப்போனது குதிரைகளைப் பற்றிய பகுதி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் கடல் வழியாக வாங்கினார், அவருடைய சகோதரர்களும் அதே அளவு வாங்கினார்கள், ஆண்டு முடியும்போது நூறு கூட உயிரோடு மிஞ்சாது என்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் கட்டத் தெரிந்தவர்களும் இல்லை என்று காரணம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர்கள் லாடம் கட்டுகிறவர்களை இந்தக் கரைக்கு வரவே விடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

போலோ மிகைப்படுத்தக்கூடியவர்தான். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதே வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை, வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டையும் சேர்த்துப் படித்த இரவு எனக்கு ஒரு கேள்வி வந்தது. இன்றைக்கு நம்மூரில் குதிரைக்கு லாடம் கட்டுவது யார்?

திண்டுக்கல் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். "கொடைக்கானலுக்கு வா. பார்வையாளனா வராதே. பத்து நாள் லீவு போட்டுட்டு லாயத்துல வேலை செய்யிறதா இருந்தா ஏற்பாடு பண்றேன்" என்றார். சம்மதித்தேன்.

கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் உருவாக்கியது. அதைச் சுற்றிப் போகும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அந்தச் சாலையோரத்தில் மட்டக்குதிரைகள் சேணத்தோடு நிற்பதை ஊருக்கு வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை முழுதாக வந்தது 1914இல். அதற்கு முன் மேலே வந்தவர்கள் நடந்தோ, டோலியிலோ, குதிரை மேலோதான் வந்தார்கள். ஊரையே சுமந்து ஏற்றிய பிராணி இப்போது குழந்தைகளைப் போட்டோவுக்குச் சுமக்கிறது.

எனக்குக் கிடைத்த லாயத்தில் நான்கு குதிரைகள். தகரக் கூரை, மூங்கில் தடுப்பு. பார்த்துக்கொள்கிற தம்பிக்கு வயது முப்பதுக்குள். காலை ஐந்து மணிக்கு லத்தி அள்ளுவதில் நாள் தொடங்கும். குதிரை லத்தி மாட்டுச் சாணம் போல நாறாது, புளித்த புல்லின் வாசனைதான். அதைப் பூண்டுத் தோட்டத்துக்காரர் ஒருவர் மூட்டை கட்டி எடுத்துப் போவார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டின் காரத்தில் இந்தக் குதிரைகளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு தீவனம். கொள்ளை முதல் நாளே ஊறவைத்து, வேகவைத்து, தவிட்டோடு பிசைந்து கொடுக்க வேண்டும். "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்ற பழமொழியைச் சோம்பேறி மனிதர்களுக்காகச் சொல்லிப் பழகிவிட்டோம். லாயத்தில் அது ஒவ்வொரு காலையும் கண்முன்னே நடக்கிற காரியம். குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சின்னது. ஒரே வேளையில் நிறைய வைத்தால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, அப்படியே புரண்டு செத்துப்போகும். அந்தத் தம்பி இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினைந்து வயதில் ஒரு குதிரை அப்படிச் சாவதை இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

சேணம் கட்டுவது, வார்களை இறுக்குவது, லகானைக் கோர்ப்பதெல்லாம் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. செய்தேன், ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை. நான்காம் நாள் லாடம் கட்டுகிற பெரியவர் வந்ததும் மனம் முழுக்கக் குதிரையின் கால்களுக்கு இறங்கிவிட்டது.

கீழே இருந்து முதல் பஸ்ஸில் வந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கையில் ஒரு உரச்சாக்குப் பை. சுத்தியல், குறடு, அரம், பழைய துணியில் சுற்றிய கத்தி, ஒரு டப்பா நிறைய ஆணி. அவ்வளவுதான் பட்டறை.

கத்தியைத் துணியிலிருந்து பிரித்ததும் நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நுனி உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. தகட்டின் ஒரு பக்கத்தில் வரிவரியாகப் பற்கள் தேய்ந்த தடம். "அது எங்கப்பா அரம் தம்பி" என்றார். அப்பா காலத்து அரம் தேய்ந்து இனிக் குளம்பைப் பிடிக்காது என்றானதும், திண்டுக்கல்லில் ஒரு கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்கிக்கொண்டிருக்கிறார். அரத்துக்குப் போடுகிற இரும்பு நல்ல எஃகு, கூர் நிற்கும். அப்பா தேய்த்த இரும்பால் மகன் சீவுகிறார்.

அவர் தொழில் குதிரையில் தொடங்கவில்லை. சிறுவயதில் அப்பாவோடு ஒட்டன்சத்திரம் பக்கம் வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டப் போனவர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்க்க வேண்டும், நான்கு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். மாட்டுக்குப் பிளவுக் குளம்பு. காலுக்கு இரண்டு தகடு வீதம் ஒரு மாட்டுக்கு எட்டு. சந்தை நாளில் இருபது மாடு வரிசையில் நிற்குமாம். டிராக்டர் வந்தது, டயர் வண்டி வந்தது, பிறகு மினி லாரி வந்தது. வரிசை பத்தானது, ஐந்தானது, ஒரு சந்தை நாளில் யாருமே வரவில்லை. அன்று மாலை அப்பா பையை வீட்டு உத்திரத்தில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு எடுக்கவில்லை என்றார். இவர் எடுத்துக்கொண்டு மலையேறினார். "மாட்டைக் கட்டிப் போட்டுத்தான் வேலை. குதிரை நின்னுக்கிட்டே கால் குடுக்கும். அது நம்மள நம்பணும். அத எங்கப்பா எனக்குச் சொல்லித் தரல, குதிரைதான் சொல்லித் தந்துச்சு."

நான் முதலில் குதிரையின் முன்னங்காலை நேராகப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். அது நகரவே இல்லை. "தோள்ல கைய வைங்க. அப்படியே தடவிக்கிட்டே கீழ வாங்க. கை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். தோளில் தொடங்கி, முழங்கால் தாண்டி, பின்புற நரம்பை லேசாக அழுத்தியதும் தன் எடையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு காலை என் கையில் கொடுத்தது. குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் நிற்கிறது. அந்தக் காலை ஒரு பிராணி தானாக நம்மிடம் தருகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பழைய ஆணிகளின் மடக்கை நிமிர்த்தி, குறடால் லாடத்தைக் கழற்றி, கத்தியால் சீவ ஆரம்பித்தார். குளம்பு நம் நகம் மாதிரிதான். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் லாடம் மாற்றியாக வேண்டும். தேயாவிட்டாலும் கழற்றி, வளர்ந்ததைச் சீவித் திரும்பக் கட்ட வேண்டும். அடியைச் சுத்தமாகச் சீவினால் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே மட்டும் போக வேண்டும். உள்ளே போனால் உயிருள்ள சதை.

வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று, குளம்புக்கு ஏழு ஆணி. லாட ஆணி சாதாரண ஆணி அல்ல. நுனியில் ஒரு பக்கம் மட்டும் சரிவு இருக்கும். அந்தச் சரிவு உள்நோக்கி இருக்கும்படி வைத்து அடித்தால் ஆணி வளைந்து குளம்புச் சுவரின் வெளிப்பக்கம் வந்துவிடும். திருப்பி வைத்தால் சதைக்குள் போகும். தலையில் ஒரு சின்னக் குறி உண்டு, அதைக் கட்டைவிரலால் தடவியே எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறார். கண் ஆணியைப் பார்க்கவில்லை, குதிரையின் காதைப் பார்க்கிறது. காது பின்னால் மடிந்தால் சுத்தியல் நிற்கும்.

"சத்தம் கேளுங்க" என்றார். நல்ல சுவரில் போகும் ஆணிக்கு ஒவ்வொரு அடிக்கும் ஓசை கெட்டிப்பட்டுக்கொண்டே வரும். தவறான இடத்துக்குப் போனால் ஓசை மழுங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று குதிரை முடிந்த பிறகு நானும் கேட்டேன்.

நான்காவது குதிரை ராணி, செம்பழுப்புப் பெட்டை. இரண்டு நாளாக இடது முன்னங்காலை முழுதாக ஊன்றவில்லை. பெரியவர் அவள் குளம்பில் உள்ளங்கையை வைத்தார், பிறகு என் கையைப் பிடித்து வைத்தார். மற்ற மூன்று குளம்பும் மலைக்குளிரில் கல் மாதிரி இருக்க, இது மட்டும் சுட்டது. லாடம் முன்பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. கட்டி எத்தனை வாரம் என்று கேட்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "பன்னெண்டு ஆச்சு பெரியப்பா" என்றார்.

இந்த இடத்தில்தான் என் கோபத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த நான்கு குதிரைகளும் தம்பியுடையவை அல்ல. சொந்தக்காரர் கீழே சமவெளியில் இருக்கிறார். நான் இருந்த பத்து நாளில் அவர் குரலைப் போனில்தான் கேட்டேன். சவாரிக் காசில் பாதி அவருக்கு. மீதிப் பாதியில் தவிடு, கொள்ளு, லாரியில் மேலே வரும் வைக்கோல், லாடம், மருந்து எல்லாம் தம்பியின் தலையில். சீசனில் ஒரு குதிரையை லாடத்துக்காக அரை நாள் நிறுத்தினால் அந்த அரை நாளுக்கும் கணக்குக் கேட்கிறார். அப்படியானால் பன்னிரண்டு வாரம் ஆகாமல் என்ன ஆகும்? குதிரை நொண்டினால் வேறு குதிரை அனுப்புகிறேன் என்கிறார், லாடத்துக்குக் காசு அனுப்புகிறேன் என்று சொல்லமாட்டேன் என்கிறார். புதுக் குதிரை வாங்கத் தரகர் இருக்கிறார், தரகருக்குக் கமிஷன் இருக்கிறது. ஏழு ஆணி அடிக்கிறவருக்குப் பஸ் காசு போக என்ன மிஞ்சுகிறது என்று யாருமே கேட்பதில்லை. ஹோர்முஸ் வணிகர்கள் எழுநூறு வருடத்துக்கு முன் கடலில் செய்ததை ஒருவர் செல்போனில் செய்துகொண்டிருக்கிறார். குதிரை சாவதில் லாபம் பார்க்கிற கணக்கு எந்த நூற்றாண்டில் போட்டாலும் அது கொலைக் கணக்குதான்.

பெரியவர் இதையெல்லாம் பேசவில்லை. ராணியின் காலைத் தன் முழங்கால்களுக்கிடையில் வைத்து, குறடால் குளம்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் ராணி உதறினாள். அந்த இடத்தில் சுருண்ட நுனிக் கத்தியால் ஒரு அரிசி அகலம்தான் தோண்டினார். கறுப்பாக, நாற்றத்தோடு சீழ் பீறிட்டு அவர் வேட்டியில் தெறித்தது. ராணி பெருமூச்சு விட்டாள், அவள் விலா இறங்கியதை என் தோளில் உணர்ந்தேன். வெந்நீரில் உப்புக் கரைத்து வாளியில் காலை வைக்கச் சொன்னார். வாளியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் மண்டியிட்டிருந்தது நான்தான். பிறகு தவிடும் உப்பும் சூடாகப் பிசைந்து கட்டி, மேலே சாக்குத் துணி சுற்றினோம். குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும். சாயங்காலம் நண்பர் வந்து ஊசி போட்டார். கட்டைப் பார்த்துவிட்டு, "நான் வந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை அவள் நான்கு காலிலும் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த நாட்களில் காலையும் மாலையும் கட்டு மாற்றுவது என் வேலையானது. தோளில் கை வைத்ததுமே கால் தந்தாள். என் விடுமுறையின் ஒன்பதாம் நாள் பெரியவர் மறுபடி வந்தார். ஓட்டை காய்ந்திருந்தது, குளம்பு குளிர்ந்திருந்தது. லாடம் வைத்து ஆணிகளை அடித்து முடித்தபின், வெளியே வந்த நுனிகளை முறுக்கி ஒடித்து, மடக்கி, அரத்தை என்னிடம் கொடுத்தார். மடக்கிய இடத்தை வழவழப்பாக்கும் வேலை. ஏழு இடம். முடித்ததும் என் உள்ளங்கையை அதன் மேல் இழுத்துப் பார்க்கச் சொன்னார். எதுவும் கீறவில்லை.

அந்த நேரம் தம்பியின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், ராணியை ஏரிக்கு விட்டாச்சா என்று கேட்கிறார் சொந்தக்காரர். தம்பி பதில் சொல்லாமல் பெரியவரைப் பார்த்தார். அவர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "புதன்கிழமை நான் வந்து கால் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லு. அதுவரைக்கும் சேணம் ஏறாது" என்றார். தம்பி அதை அப்படியே போனில் சொன்னார், குரல் கொஞ்சம் நடுங்கியது. பெரியவர் அன்று கூலி வாங்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்கு இறங்கினார். ராணி மூங்கில் தடுப்பின் மேல் தலையை நீட்டி அவர் போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குச் சாயங்காலக் கொள்ளை எடுத்து வைத்தேன்.