124 லிட்டர்

மாஜ்தா என்ற ஜப்பானியக் கம்பெனி 1989ல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கி, கணக்குப்படி சுமார் 124 லிட்டர் கொள்ளும். நம் குளியலறைகளில் நிற்கும் பிளாஸ்டிக் டிரம்மைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் கணக்கு வேறு, டிக்கி வேறு. உதிரிச் சக்கரமும் பாட்டரியும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் இருக்கும் எஞ்சினின் பாரத்தை ஈடுகட்டப் பாட்டரியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஓட்டுகிறவனின் சந்தோஷத்தை உத்தேசித்துச் செய்த காரியம். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாவது என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லையே அந்தக் காருக்கு லட்சியமாக வைத்துக்கொண்டார்கள். மூட்டை முடிச்சு அவர்கள் யோசனையில் இரண்டாம் பட்சம்.

இந்தக் கார் ஒன்று மான்செஸ்டரில் இருக்கும் என் அத்தானிடம் இருக்கிறது. 1995ஆம் வருஷத்து வண்டி. சென்ற வருஷம் பாங்கில் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். ஆங்கில இலக்கியம் படித்த தோஷம், வேர்ட்ஸ்வொர்த் குடியிருந்த கிராஸ்மியரைப் பார்க்காமல் திரும்ப மனசில்லை. நான்கு நாள் பயணம். என் பெட்டி விமானத்துக்கென்று வாங்கிய கெட்டிப் பெட்டி. டிக்கிக்குள் அது நுழையவில்லை. படுக்க வைத்தாலும் இல்லை, நிறுத்தினாலும் இல்லை. அத்தான் சிரிக்கவில்லை. "மாப்ளே, பெட்டி பெரிசா சின்னதாங்கறது இங்க பிரச்சினை இல்ல. மடங்குமா மடங்காதா, அதான்" என்றார்.

அவர் அடுக்கிய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணிப்பைகள் நான்கு, எதுவும் முழுசாக நிரம்பியதில்லை. முதலில் மூலைகள். சக்கரத்தைச் சுற்றி உள்ள சந்துகளில் ஷூக்கள், ஷூக்களுக்குள் காலுறைகள். கனமானவை கீழே, கூடியவரை முன்னால் தள்ளி. பின் சக்கரங்களின் அச்சைத் தாண்டிப் பாரம் போனால் வளைவுகளில் வண்டியின் வால் தனியாக யோசிக்க ஆரம்பித்துவிடும் என்றார். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. முதலில் தேவைப்படுவது கடைசியில் உள்ளே போகவேண்டும். மூடியை அழுத்திச் சாத்தக் கூடாது. அதன் எடையிலேயே அது சாத்திக்கொள்ள வேண்டும்.

இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய திட்டு உண்டு. அங்கும் ஏதாவது வைக்கலாம். ஆனால் துணிக் கூரையை மடக்கினால் அது வந்து படுப்பதும் அங்கேதான். பின்பக்கத்து ஜன்னல் கண்ணாடியல்ல, ஜிப் வைத்த பிளாஸ்டிக். பையின் பக்கிள் பட்டால் கீறல் விழும். ஆக, அந்த இடத்தில் ஒன்று ஒரு பை, அல்லது தலைக்கு மேல் ஆகாயம். இரண்டும் கிடையாது. இவ்வளவு ஸ்தூலமாக ஒரு தேர்வை எதிர்கொண்டு எனக்குப் பல நாளாயிற்று.

நான் காஷ் கவுன்டரில் உட்காருகிறவன். நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டில். 2016க்குப் பிறகு வந்த நோட்டுகள் பழையவற்றைவிடச் சிறிசு, ஆளுக்கொரு அளவு என்றாலும், ஒரு கட்டுக்குள் எல்லாம் ஒரே அளவுதான். அடுக்குவதில் யோசனைக்கு வேலை இல்லை. நம்மில் பலர் உருவம் என்று பேசும்போது இந்தப் பண்டில் கட்டுவதைத்தான் மனசில் வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் உண்டு. மான்செஸ்டர் டிக்கியின் உருவம் அப்படிப்பட்டதல்ல. உள்ளே ஏற்கனவே ஒரு சக்கரம் இருக்கிறது. அதை எடுத்துவிட முடியாது. அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம்.

அத்தானின் அலமாரியில் இப்படிப்பட்ட கார்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள். 1958ல் பிரிட்டனில் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டின் முதல் மாடலில் டிக்கிக்கு வெளியிலிருந்து திறக்கிற மூடியே கிடையாது. செலவு குறைய வேண்டும், உடம்பு உறுதியாக இருக்க வேண்டும் என்று மூடியை விட்டுவிட்டார்கள். இருக்கையின் முதுகைச் சாய்த்து, உள்ளே தலையை விட்டுத் துழாவிப் பையை எடுக்கவேண்டும். நமது கவிஞர்கள் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இன்னொரு செய்தி முக்கியமானது. 1955 மே 1 அன்று இத்தாலியில் நடந்த மில்லே மிலியா பந்தயம். பிரெஷ்யாவிலிருந்து ரோம் போய் மீண்டும் பிரெஷ்யா, ஏறக்குறைய ஆயிரம் மைல், சாதாரணச் சாலைகளில். இரண்டு இருக்கை மெர்சிடிஸ் ஒன்றை ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகைக்காரர். அவர் கையில் ஒரு அலுமினியப் பெட்டி. அதற்குள் பதினைந்து அடிக்கும் நீளமான ஒரு காகிதச் சுருள். ஆயிரம் மைலின் வளைவும் மேடும் அதில் குறிப்புகளாக இருந்தன. அவர் சுருளைச் சுற்றச் சுற்ற, எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் கைச் சைகையில் சொல்லச் சொல்ல, மாஸ் 10 மணி 7 நிமிஷம் 48 வினாடியில் ஓட்டி ஜெயித்தார்.

சுருக்கத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்தச் சுருளுக்கு முன்னால் அவர்கள் அந்தப் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார்கள். முழுசும் கையில் இருந்ததால்தான் சுருக்க முடிந்தது. ஆறு வரியில் எழுதுவது நம்மிடம் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. ஆறு வரி எழுதுகிறவனிடம் ஆயிரம் மைல் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சின்னதாக இருப்பது வேறு, கச்சிதமாக இருப்பது வேறு. ஒன்றுமே இல்லாதவனுக்கு எந்த டிக்கியும் போதும்.

இதையெல்லாம் நான் பொழுதுபோக்காக யோசிக்கவில்லை. துணிப்பைகளில் ஒன்றில் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன என் நண்பனின் கவிதைகள், 214. அவன் பெயர் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நண்பர்கள் சேர்த்த பணத்துக்கு 64 பக்கம்தான் போட முடியும். தேர்வு என்னிடம் விடப்பட்டது. கையெழுத்துப் பிரதிகள் அவன் அம்மாவிடம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு அவர்கள் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே அந்தப் பெட்டிக்கு இடம் கிடையாது. "உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கிடுங்க தம்பி, மிச்சத்தை என்ன செய்ய?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியோடுதான் நான் விமானம் ஏறினேன்.

கிராஸ்மியருக்கு அக்கா வரவில்லை. வர முடியாது, இருக்கை இரண்டுதான். "நான் போன வருஷமே பாத்தாச்சு, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று சொல்லி, எலுமிச்சம்பழச் சோற்றை டப்பாவில் வைக்காமல் அலுமினியத் தாளில் பொதியாகக் கட்டி, அது எந்தச் சந்தில் நுழையும் என்று அவளே கண்டுபிடித்து வைத்தாள். போன வருஷம் அவள் பார்த்தது மழையை மட்டும்தான் என்று வழியில் அத்தான் சொன்னார்.

வேர்ட்ஸ்வொர்த் அந்த ஊரில் தங்கையோடு 1799 கடைசியில் குடியேறினார். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருவரும் நடந்தபோது டாஃபடில் பூக்களைப் பார்த்ததை டோரத்தி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். கல்லில் தலை சாய்த்த பூக்கள், காற்று, எல்லாம் அதில் உண்டு. அண்ணன் எழுதி 1807ல் அச்சான கவிதை எல்லோருக்கும் தெரியும். அதில் அவர் தனியாக அலைகிறார். தங்கை இல்லை. இரண்டாவது இருக்கையைக் காலியாக விட்டுவிட்டுத்தான் அந்தக் கவிதை புறப்படுகிறது. கவிதைக்கு அந்தத் தனிமை வேண்டியிருந்தது; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாட்குறிப்பை யாரும் எரித்துவிடவில்லை. 1897ல் வில்லியம் நைட் அதைப் பதிப்பித்தார். அவரும் அற்பம் என்று பட்டதையெல்லாம் வெட்டித்தான் பதிப்பித்தார். அப்படியும் மூலம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் முழுசாகப் போட முடிந்தது.

கார் உவமை இங்கேதான் உடைகிறது. டிக்கியில் ஏறாத என் பெட்டி மான்செஸ்டரில் மாடிப்படி அடியில் பத்திரமாக இருந்தது. விட்டுவிட்டு வந்த சட்டைகள் நான்கு நாள் கழித்தும் சட்டைகளாகவே இருந்தன. வீடு என்று ஒன்று இருக்கிறவன்தான் குறைந்த சாமானோடு பயணம் போக முடியும். என் நண்பனின் 214க்கு அந்த வீடு இல்லை. 64 பக்கத்தில் ஏறாதது பழைய பேப்பர் கடைக்குப் போகும். தேர்வு என்பது தரத்தைப் பற்றிய காரியம் மட்டுமே என்று விமர்சகர்கள் பாவனை செய்கிறோம். மீதி எங்கே போகும் என்பதும் விமர்சகனின் பொறுப்புதான் என்று எனக்குப் படுகிறது. நம் மொழியில் இது இன்னும் அதிகம். இங்கே நூலகம் காப்பதைவிடக் கரையான் தின்பது ஜாஸ்தி.

இந்த முடிவுக்கு வந்தபிறகு தேர்வு சுலபமாயிற்று. தயை தாட்சண்யம் தேவைப்படவில்லை. அவன் கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரியில் எழுதியவை முப்பதுக்கு மேல். அவற்றில் இரண்டைத்தான் எடுத்தேன். மற்றவை துக்கத்தால் நமக்கு நல்லவையாகத் தெரிகிறவை. மொத்தம் 47 கவிதைகள். அவற்றில் ஒன்றும் மூடியை அழுத்திச் சாத்தவேண்டிய கவிதையல்ல.

ஊர் திரும்பிய வாரமே தகரப் பெட்டியை ஆட்டோவில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மனைவி தன் பட்டுப்புடவைகள் இருந்த பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தாள். மீதி 167 கவிதைகளும் தேதி வரிசையில் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றாக டைப் செய்துகொண்டிருக்கிறேன். கடிதங்களோடு அவன் அனுப்பிய கவிதைகள் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் ஒரு பிரதி அனுப்பினால் போதும். நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை.