கியர் மாற்றுவது யார்?

ஒருவர் போர்ஷே 911 ஜிடி3 வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடச் சேமிப்பு. நிறம் முடிவாகிவிட்டது, சீட் முடிவாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒரே ஒரு கேள்வி: ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? அங்கேதான் மனுஷனுக்குத் தூக்கம் போகிறது.

கணக்குப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். 2021-ல் வந்த ஜிடி3, பிடிகே என்கிற ஆட்டோமேட்டிக்கில் 100 கிலோமீட்டர் வேகத்தை 3.4 வினாடியில் தொட்டுவிடும். மேனுவலில் 3.9 வினாடி. பிடிகே-யில் கிளட்ச் இரண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படை கியர்களுக்கு. மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடித்துக்கொள்ளும். மனுஷக் கையும் காலும் எவ்வளவு பழகினாலும் இதனோடு போட்டி போட முடியாது.

போர்ஷேயும் அப்படித்தான் கணக்குப் போட்டது. 2013-ல் ஜிடி3-ஐ பிடிகே-யோடு மட்டும் கொண்டுவந்தது. ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2016-ல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் வந்தது, மொத்தமே 991 கார்கள். அவ்வளவும் போய்விட்டது; கை மாறும்போது விலை பல மடங்கு ஏறியது. 2017-ல் ஜிடி3-க்கே மேனுவல் திரும்பி வந்தது. அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை.

அரை வினாடி மெதுவாகப் போகும் காருக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

ஒரு வளைவு வருகிறது. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க வேண்டும். இடது கால் கிளட்சில். வலது கால் பிரேக்கை மிதித்தபடியே ஓரத்தால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டுகிறது. கை கியரைத் தள்ளுகிறது. எல்லாம் கூடி வந்தால் கார் குலுங்காமல் வளைவுக்குள் இறங்கும். கை தவறி, நான்குக்குப் பதில் பக்கத்திலிருக்கும் இரண்டு விழுந்துவிட்டால்? 9,000 சுற்றோடு நிற்க வேண்டிய இன்ஜினைச் சக்கரங்களே அதற்கு மேல் இழுத்துச் சுற்றிவிடும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தலாம், சக்கரத்தை நிறுத்த முடியாது. பல வருடச் சேமிப்பு ஒரு நொடியில் புகையாகலாம். பிடிகே-யிடம் இந்தத் தப்பைச் செய்யச் சொன்னாலும் அது செய்யாது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தப்பு நடக்க வாய்ப்பிருக்கும் இடத்தில்தான் சரியாகச் செய்ததற்கும் மதிப்பு. ரேஸ் டிராக்கில் ஸ்டாப்வாட்சோடு மல்லுக்கட்டுகிறவர் பிடிகே வாங்கட்டும். தினமும் டிராஃபிக்கில் நின்று நின்று போகிறவரும் அதையே வாங்கட்டும், முழங்காலாவது பிழைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத மலைப்பாதையில், அந்த ஒரு வளைவைத் தன் கையால் சரியாக எடுத்துவிட்டுத் தனியாகச் சிரிக்க ஆசைப்படுகிறவருக்கு அந்த அரை வினாடி ஒரு நஷ்டமே இல்லை.

நம்ம ஆள் இன்னும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். நீங்களாக இருந்தால் எதில் டிக் அடிப்பீர்கள்?