முழங்கால் நிறுத்திய பரிசோதனை

ஓடும் பெல்ட்டில் நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிஎம்டி (டிரெட்மில்) பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று எழுத ஒரு நிபந்தனை உண்டு: பெல்ட் நிற்பதற்குள் இதயம் போதிய அளவு உழைத்திருக்க வேண்டும். உழைக்காத இதயத்தின் ஈசிஜி மாறாமல் இருப்பதில் வியப்பில்லை. அதை வைத்து ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த நிபந்தனை நிறைவேறாமலே பரிசோதனை முடிந்துவிடுவது வாடிக்கை. முட்டி வலிக்கிறது, தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் நிறுத்தச் சொல்வார்கள்; ஈசிஜியில் மாற்றம் இருக்காது; ரிப்போர்ட் நல்லபடியாக வீட்டுக்குப் போகும். இப்படி முடிகிற பரிசோதனையில் அளக்கப்படுவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். நடக்க இயலாத பெண்ணுக்கு எந்தப் பரிசோதனை என்பதை அவர் பெல்ட்டில் ஏறும் முன்பே தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கணக்கைப் பார்த்தாலே சிக்கல் தெரியும். உலகெங்கும் இன்று பயன்படும் நடைமுறையை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்தார். அதன் முதல் கட்டத்திலேயே பெல்ட் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீத ஏற்றத்தில் ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனை 1 மெட் என்று கொண்டால், இந்த முதல் மூன்று நிமிடமே ஏறத்தாழ 4.6 மெட் உழைப்பைக் கேட்கிறது. சிகாகோ வட்டாரப் பெண்களை வைத்து மார்த்தா குலாத்தியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பெண்ணின் வயதுக்கு எதிர்பார்க்கக்கூடிய திறனுக்கு ஒரு சூத்திரம் தந்தது: 14.7-இலிருந்து வயதின் 0.13 மடங்கைக் கழிக்க வேண்டும். 72 வயதுக்கு அது 5.3 மெட். அறிகுறி எதுவும் இல்லாத பெண்களின் அளவே இது. அப்படியானால் மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள ஒருவருக்கு முதல் கட்டமே மலையேற்றம். ஏற்றமே இல்லாமல் தொடங்கும் திருத்திய புரூஸ் முறை சிலருக்கு உதவும், எல்லோருக்கும் உதவாது.

பெல்ட்டின் மேல் நடப்பதையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். சேலைக் கொசுவம் காலைத் தடுக்கும்; ஓடும் தரையில் நடந்து பழக்கமில்லாத பயத்தில் இரண்டு கைகளும் கைப்பிடியை இறுகப் பற்றும்; உடல் எடையின் ஒரு பகுதி கைகளுக்குப் போய்விடும். திரையில் இயந்திரம் காட்டும் மெட் கணக்கு வேகத்தையும் ஏற்றத்தையும் மட்டும் வைத்துப் போட்டது. கைப்பிடியில் சாய்ந்து நடந்தவரின் உண்மையான உழைப்பு அதைவிடக் குறைவு. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் நாடித்துடிப்பும் வயதுக்கேற்ற இலக்கைத் தொடாது. இத்தனையும் சேர்ந்த பிறகு வருகிற மாற்றமில்லாத ஈசிஜியை ‘முடிவு சொல்ல இயலாத பரிசோதனை’ என்றுதான் எழுத வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு நிமிடப் பேச்சு போதும். “ஒரு மாடி நிற்காம ஏறுவீங்களாம்மா? கடைக்கு நடந்து போய் வருவீங்களா? வீடு பெருக்கித் துடைக்கிறது நீங்கதானா?” 1989-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பன்னிரண்டு கேள்விப் பட்டியலும் சாரத்தில் இதையேதான் கேட்கிறது. 5 மெட் அளவுக்கு உழைக்க முடியாது என்று தெரிந்தால், மருந்து கொடுத்து இதயத்தைச் சோதிக்கும் முறைக்குப் போகலாம் என்பது அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கென 2014-இல் வெளியிட்ட அறிக்கையின் பரிந்துரை. அந்த முறைகளில் ஒன்றான டோபுடமின் எக்கோவில் அவர் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பார், கால்களுக்கு வேலையில்லை. கையில் போட்ட ஊசி வழியாக, கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கும் மருந்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 10, 20, 30, 40 என்று ஏறும். ஓய்விலும் உச்சத்திலும் எடுத்த படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம். நல்ல ரத்த ஓட்டம் உள்ள சுவர் உச்சத்தில் தடித்து, வேகமாக உள்நோக்கிச் சுருங்கும். அடைப்புக்குக் கீழே உள்ள துண்டு மட்டும் பின்தங்கி நிற்கும். முட்டி எத்தனை தேய்ந்திருந்தாலும் அந்தத் தாமதம் மறையாது.

வயதானவர்களுக்கு இந்த மருந்து ஆபத்தில்லையா என்று கேட்பது நியாயம். படபடப்பு, ரத்த அழுத்த மாற்றம், துடிப்புச் சீர்கேடு வரலாம், ஆபத்தானவை அரிது. மருந்தை நிறுத்தினால் சில நிமிடங்களில் வேகம் தணியும், தணிக்கும் ஊசியும் கைவசம் இருக்கும். துடிப்புச் சீர்கேடு உள்ளவர்களுக்கு அடினோசின் கொடுத்து எடுக்கும் ஸ்கேன் பொருத்தம். அதற்கு முதல் நாளிலிருந்தே காபி, டீ கூடாது, ஆஸ்துமா இருந்தால் வேறு வழி தேட வேண்டும். அந்த ஸ்கேனில் மார்பகத்தின் நிழல் இதயத்தின் முன்சுவரில் குறை போலத் தெரியும் என்பதைப் படம் பார்ப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நேரே சிடி ஆஞ்சியோ எடுத்துவிடலாமே என்பார்கள். பலருக்கு அது நல்ல வழிதான். ஆனால் முதிய வயதில் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பு படத்தை மறைக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாயம் சுமை. தெரிகிற அடைப்பு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறதா என்பதையும் அந்தப் படம் மட்டும் சொல்லிவிடாது. பெண்களிடம் அடிக்கடி காணும் நுண்குழாய்க் கோளாறும் அதில் தெரியாது.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நடக்க முடியாமையே முக்கியமான தகவல், ஆகவே நடக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது. முதல் பாதி முழு உண்மை. அதே 2005 ஆய்வில், வயதுக்குரிய திறனில் 85 சதவீதம்கூட எட்டாத பெண்களின் மரண அபாயம் மற்றவர்களைப் போல் இரு மடங்காக இருந்தது. அதனால்தான் நன்றாக நடக்கக்கூடிய பெண்ணுக்கு டிஎம்டியே முதல் பரிசோதனை. மருந்துச் சோதனைக்கு அவசரம் வேண்டாம். ஆனால் நடக்க முடியாதவரைப் பற்றிய அந்த எச்சரிக்கை, மாடிப்படிக் கேள்வியிலேயே கிடைத்துவிடுகிறது. அடைப்பு இருக்கிறதா என்பது மட்டும் கிடைக்காமல் போகிறது. செலவு வாதத்துக்கும் பதில் இதுவே: பதில் தராத மலிவுப் பரிசோதனைக்குப் பிறகு இன்னொன்று எடுக்கத்தான் வேண்டும்; எடுக்காவிட்டால் நோய் வளர்கிறது.

ஆகவே நம் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மூன்று விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: எவ்வளவு உழைத்தார், ஏன் நிறுத்தினார், இதயம் இலக்கைத் தொட்டதா. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால், ‘நெகட்டிவ்’ என்ற சொல்லை அங்கே எழுதக் கூடாது. அடுத்து எந்தப் பரிசோதனை என்று எழுத வேண்டும். மருந்துச் சோதனை இயல்பாக வந்தால்கூட, நடக்க முடியாத அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைத்து, முட்டிக்கும் சிகிச்சை தந்து, அவரை மெல்ல நடக்க வைப்பது நம் பொறுப்பு. மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வந்தவருக்கு அதன் காரணம் தெரியும்வரை நம் வேலை முடியவில்லை.