பிக்கடில்லியில் ஒரு சுமைதாங்கி

கிறீன் பார்க்கின் வேலியோரமாக, பிக்கடில்லி வீதியின் நடைபாதையில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு இரும்புக் கால்கள், மேலே குறுக்காக ஒரு தடித்த மரப்பலகை, ஏறக்குறைய தோள்மட்டத்து உயரம். உட்கார நினைத்தால் ஏணி வேண்டும். மேசையாகப் பாவிக்க அகலம் போதாது. உல்லாசப் பயணிகள் அதில் கோப்பிக் குவளையை வைத்துவிட்டுக் கைப்பேசியில் வழி தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் என் வயதில் பிறந்த ஒருவருக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதிலுள்ள தகடு விவரம் சொல்கிறது. ஷ்ரூஸ்பரி தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஆர். ஏ. ஸ்லேனி என்பவரின் யோசனைப்படி, 1861இல் செயின்ற் ஜோர்ஜ் ஹனோவர் ஸ்குவெயர் வட்டாரச் சபை நிறுவியதாம். முதுகிலும் தோளிலும் பொதி சுமந்து போகிறவர்களுக்காக. பழைய லண்டனின் மிச்சம் என்பதால் இதைப் பாதுகாக்கப் பொதுமக்கள் உதவ வேண்டும் என்று கடைசியில் ஒரு வேண்டுகோளும் உண்டு. கட்டியது சபை, காப்பாற்ற வேண்டியது நாங்கள். இந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

எங்கள் ஊரில் சந்தைக்குப் போகிற வளைவில் ஒன்று இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய இரண்டு தூண்கள், மேலே படுக்கையாக ஒரு பொழிகல். பக்கத்தில் மாடுகள் உடம்பை உரஞ்சுவதற்கு ஓர் ஆவுரஞ்சிக்கல். கொஞ்சம் தள்ளிக் கிணறும், கால்நடைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும். தோட்டத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கும் கத்தரிக்காயும் கடகத்தில் சுமந்து வருகிற பெண்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் வந்ததும் கழுத்தைத் திருப்பாமல் அரை வட்டம் சுற்றுவார்கள். முழங்கால் சற்று மடியும், தலை ஒரு பக்கம் சாயும், கடகம் வழுகிக் கல்லில் ஏறிவிடும். தலையில் இருந்ததை நிலத்தில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். தோள் உயரத்தில் இறக்கினால் வேண்டாம். சுமைதாங்கியின் விஞ்ஞானம் முழுவதும் இவ்வளவுதான்.

சிறுவர்களுக்கு அது ஏறிக் குதிக்கிற இடம். அம்மம்மா கண்டால் விடமாட்டா. "அதில ஏறாத, அது பிள்ளைத்தாச்சியின்ர கல்லு" என்பா. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், தமிழ்நாட்டிலும் உண்டு. அவள் இறக்கி வைக்காமல் கொண்டுபோன சுமை, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை அதில் இறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பது நம்பிக்கை. கல்லில் அவள் பெயர் இருக்கவில்லை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணின் தங்கை ஒருவர் அப்போது கிழவியாக இருந்தா. வருஷப் பிறப்புக்கு முன்னால் ஒரு வாளியில் சுண்ணாம்பும் தும்புக்கட்டையுமாக வந்து, பாசியைச் சுரண்டி, தூணுக்கு வெள்ளையடித்து, மாட்டுத் தொட்டியையும் கழுவிவிட்டுப் போவா. யாரும் சொல்லி அவ வரவில்லை. கிராமச்சங்கம் அதற்கு ஒரு சதம் கொடுத்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. அவவுக்கு நடக்க ஏலாமல் போனபிறகு மருமகள் வந்தா. பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்வு வந்தது, அந்தக் குடும்பமே ஊரில் இல்லாமல் போனது. தெருவை அகலமாக்கிக் காப்பற் போட்ட பிறகு நான் போய்ப் பார்த்தபோது கல் இல்லை. உடைத்ததைக் கண்டவர் எவருமில்லை. அது இல்லாமல் போனதைக் கவனித்தவர்களே சிலர்தான்.

ஸ்லேனிக்கு வருகிறேன். யார் இந்த மனிதர் என்று தேடப் போய்த்தான் எனக்கு ஒரு வாரம் கெட்டது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொது நடைவெளிகள் பற்றி ஆராய ஒரு தெரிவுக்குழு அமைத்தது. அதன் தலைவர் இவர்தான். ஆலைகளைச் சுற்றி ஊர்கள் வீங்கிக்கொண்டிருந்த காலம். மேய்ச்சல் தரவைகளுக்கு வேலி விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிக்குக் கால் நீட்டி நடக்க மதுக்கடை வாசலை விட்டால் இடமில்லை. லண்டனின் மேற்கில் அரச குடும்பத்தின் பூங்காக்கள் இருந்தன, கிழக்கில் அப்படி ஒன்றும் இல்லை. மேற்கிலும் றீஜன்ற்ஸ் பார்க்கின் உட்பகுதிக்குள் பொதுமக்கள் கால் வைத்தது 1835இல்தான், அதுவும் முதலில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். இங்கிலாந்தில் பொதுப் பூங்கா என்ற எண்ணத்தின் ஆரம்பம் இந்தக் குழுவின் அறிக்கை.

அந்த அறிக்கையில் நல்ல காற்று உண்டு, ஆரோக்கியம் உண்டு. ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்தது உடுப்பைப் பற்றிய ஓரிடம். ஒரு தொழிலாளி தன் மனைவி பிள்ளைகளோடு, பல அந்தஸ்துக்காரரும் உலாவுகிற இடத்தில் நடந்துபோனால், தானும் ஒழுங்காக உடுக்க வேண்டும், மனைவி பிள்ளைகளும் ஒழுங்காக உடுக்க வேண்டும் என்று ஆசைப்படுவானாம். அந்த ஆசையைச் சரியான வழியில் விட்டால் அவன் கூட உழைப்பான், நாகரிகம் வளரும் என்று குழு வாதிடுகிறது. புடைவைக் கடைக்காரர் சங்கம் எழுதிக் கொடுத்த மகஜர் போல இருக்கிறது. மரத்தையும் புல்லையும் சொன்னால் காசுக்காரர்களின் காதில் ஏறாது என்று ஸ்லேனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுச்சட்டை என்றால் ஏறும்.

அவருடைய கணக்குப் பிழைக்கவில்லை என்பதற்கு எங்கள் சனமே சாட்சி. யாழ்ப்பாணம் சுப்பிரமணியம் பூங்காவுக்குக் கூட்டிப்போவதென்றால் அம்மா அலுமாரியில் தீபாவளிச் சட்டையைத்தான் எடுப்பா. ஊஞ்சலில் ஊத்தை பிரளும் என்று பழைய சட்டை போட்டுவிடுகிற தாயை நான் கண்டதில்லை. இங்கே ஆடி மாதத்தில் ஏதாவது ஒரு பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஈரப் புல்லில் குதிச்செருப்போடு பட்டுச்சேலைகள் நடக்கும். சங்கீதக் கதிரை ஓடுகிற மாமிகள் நகைப்பெட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். கயிறிழுத்தலில் தோற்ற அணியின் தலைவருக்கு வருத்தம் தோல்வியைப் பற்றி இருக்காது, புதுச் சப்பாத்தில் சேறு பட்டதைப் பற்றி இருக்கும். ஸ்லேனி பார்த்திருந்தால் அறிக்கைக்கு ஒரு பின்னிணைப்பு எழுதியிருப்பார்.

கிழக்கு லண்டனுக்குப் பூங்கா வர இன்னும் பன்னிரண்டு வருடம் பிடித்தது. 1840இல் முப்பதாயிரம் பேர் கையெழுத்து வைத்து விக்ரோறியா மகாராணிக்கு மனுப் போட்டார்கள். அடுத்த வருடம் சட்டம் வந்தது. காணி வாங்கக் காசு எங்கே? கிறீன் பார்க்கின் மற்ற ஓரத்திலே இருந்த யோர்க் ஹவுஸ் மாளிகையை சதர்லன்ட் கோமகனுக்கு 72,000 பவுணுக்குக் கைமாற்றினார்கள். இன்று அதற்கு லங்காஸ்ரர் ஹவுஸ் என்று பெயர். அந்தக் காசில் 1845இல் விக்ரோறியா பார்க் திறந்தது. மேற்கில் ஒரு மாளிகையைக் கொடுத்துக் கிழக்கில் மரம் நட்ட அந்தப் பண்டமாற்று எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு தர்ம காலம். 1859இல் இலவசக் குடிநீர் ஊற்றுகள் வைக்க லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. முதல் ஊற்று ஸ்னோ ஹில்லில் ஒரு தேவாலய வேலியோடு ஒட்டி, சங்கிலியில் கட்டிய கோப்பைகளோடு. 1867இல் மாட்டுத் தொட்டியும் தங்கள் பொறுப்பு என்று சங்கத்தின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வளைவில் கிணறும் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அதே நியாயம். 1869இல் பம்பாய்ப் பார்சி ஒருவர், சேர் கோவாஸ்ஜி ஜெஹாங்கீர் ரெடிமணி, றீஜன்ற்ஸ் பார்க்கில் சலவைக்கல்லிலும் சிவப்புக் கருங்கல்லிலும் ஒரு பெரிய குடிநீர் ஊற்றுக் கட்டிக் கொடுத்தார். பிரித்தானிய ஆட்சியில் தம் சமூகத்துக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு நன்றியாம். ஆளப்பட்டவர் ஆண்டவருக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டுக் கொடுத்த இந்த அதிசயத்தைப் பற்றி இன்னொரு நாள் கோபப்படுகிறேன். மாட்டுத் தொட்டிகள் பல இன்னும் தெருவோரங்களில் இருக்கின்றன. அவற்றில் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது.

பூங்காவை மெச்சுகிறவர்கள் கழிப்பறையைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கு வயது போய்விட்டது, நான் எழுதுவேன். 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜோர்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் தண்ணீர் அடித்துக் கழுவும் பொதுக் கழிப்பறைகளை வைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து 8 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு மேல் பாவித்தார்கள். இன்று ஒரு பூங்காவுக்குப் பேரப்பிள்ளையோடு கிளம்பும்போது நான் முதலில் விசாரிப்பது ஊஞ்சலை அல்ல. பூட்டிய இரும்புக் கதவையும், மன்னிப்புக் கேட்கிற அறிவித்தலையும், மழையில் அதன் எழுத்து கரைந்திருப்பதையும் கண்டு பழகிவிட்டது. முன்பு சீழ்க்கையும் தொப்பியுமாக ஒரு பூங்காக் காவலாளி இருப்பார், திறப்புக்கொத்து அவர் இடுப்பில் தொங்கும். 1988ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் புல் வெட்டுகிற வேலையையெல்லாம் ஏலத்துக்கு விடச் சொன்னதோடு பல இடங்களில் அந்த மனிதர் மறைந்தார். இப்போது ஒப்பந்தக்காரரின் வான் வரும், வெட்டும், போகும். குடிகாரனை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவதும், விழுந்த பிள்ளையின் முழங்காலைக் கழுவிவிடுவதும் ஒப்பந்தத்தில் இல்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சட்டச் சங்கதி கிடக்கிறது. இங்கிலாந்தில் நூலகம் நடத்துவது உள்ளூர்ச் சபைகளின் சட்டக் கடமை, 1964இல் இருந்து. பூங்கா வைத்திருப்பது கடமை அல்ல. பொதுக் கழிப்பறையும் அல்ல. கட்டலாம் என்ற அதிகாரம்தான் உண்டு. ஆகவே காசு குறையும்போது கத்தி முதலில் புல்லில்தான் விழும். 2017இல் ஒரு பாராளுமன்றக் குழு பூங்காக்களின் நிலையை விசாரித்து, அவை ஆபத்தான கட்டத்தில் நிற்கின்றன என்று எச்சரித்தது. ஆனால் சட்டக் கடமையாக்கினால் பலன் கிடைக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்றும் எழுதிவிட்டது. சபைகள் என்ன செய்யும்? கோடையில் பூங்காவை வேலியடைத்து இசைவிழாவுக்கு வாடகைக்கு விடுகின்றன. 2025 மே மாதத்தில் தெற்கு லண்டனின் பிரொக்வெல் பார்க் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தற்காலிகப் பாவனைக்கான 28 நாள் வரம்பு மீறப்படுகிறது என்று அயலவர்கள் வாதாடி வென்றார்கள். விழாக்களும் நடந்தன. சபையை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதன் பை ஓட்டை. அயலவரையும் குறை சொல்ல முடியாது, புல் அவர்களுடையது.

இந்த இடத்தில் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டளவில் அங்கே வெட்டிய கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லோரும் புகழ்கிறார்கள். அது அந்தணர்களின் சபை. காணியும் வேதப் படிப்பும் இல்லாதவனின் பெயர் ஓலையில் ஏறாது. அதை மறைத்துக்கொண்டு புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அதற்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தேர்ந்தெடுத்த முப்பது பேரில், முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், அறிவிலும் வயதிலும் மூத்தவர்கள், ஆண்டு வாரியத்துக்குப் போவார்கள். மிச்சத்தில் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். தோட்டத்துக்கு ஏரியைவிட இரண்டு மடங்கு ஆட்கள்! தோட்டம் பார்த்தவனுக்குத்தான் மேல் வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் திரும்ப இடமில்லை. இந்த இரண்டு விதிகளை மட்டும் லண்டன் சபைகளுக்குக் கொண்டுவந்தால் பல கூட்டங்களில் கதிரைகள் வெறுமையாகிவிடும்.

அந்தச் சோழச் சபையில் எங்களில் பலருக்கு வாக்கு இருந்திராது. இங்கே இருக்கிறது. லண்டனின் 32 உள்ளூர்ச் சபைகளுக்கும் நாலு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு சட்டப்படி இங்கே வசிக்கிறவர்களும் அதில் வாக்களிக்கலாம். எங்கள் ஆட்களில் பலர் பெயரைப் பதிவதில்லை. பதியுங்கள். அடுத்தமுறை வேட்பாளர் கதவைத் தட்டும்போது கார் நிறுத்துகிற இடத்தையும் குப்பைத் தொட்டியையும் பற்றிக் கேட்டு முடித்தபிறகு, பூங்காக் கழிப்பறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும்வரை வாசலில் நிற்கட்டும்.