மூன்று படிப்புகளும் ஒரு கிணறும்

ஆனி மாதத்தில் ஒருநாள், நயினாதீவு நாகபூசணி அம்மன் உற்சவத்துக்குச் சென்று மீளுகையில், குறிகட்டுவான் இறங்குதுறையில் நம்மிடம் முன்பு புவியியல் கற்ற மாணவி ஒருத்தியைத் தந்தையாருடன் கண்டோம். நெடுந்தீவுப் படகுக்காக இருவரும் காத்திருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற பெண். அவள் கையிலிருந்த கோவையில் மூன்று முதுமாணிப் படிப்புகளின் விபரங்கள் இருந்தன. ஒன்று நகர வடிவமைப்பு. மற்றொன்று நிலைபேறான அபிவிருத்தி. மூன்றாவது தரவுப் பகுப்பாய்வு.

"சேர், மூண்டிலை எதைப் படிக்கட்டும்?" என்றாள்.

நாம் வாய் திறக்குமுன் தந்தையார் முந்திக்கொண்டார். "இதிலை என்ன யோசனை, மாஸ்ரர்? தரவுப் படிப்புக்குத்தானே இப்ப வேலை இருக்கு. தாயின்ரை நகையை அடகு வைச்செல்லோ படிப்பிக்கப் போறம்!"

அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் நமக்கு ஒரு பழைய பிழை நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், வேலை கிடைக்கும் என்ற ஒன்றையே கருதி, ஒரு மாணவனுக்கு ஒரு துறையைக் காட்டிவிட்டோம். இன்று அவன் வெளிநாட்டிலே நன்றாகச் சம்பாதிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, "சேர், எனக்கு என்ன விருப்பம் எண்டு நீங்கள் கேட்கவே இல்லையே" என்று சிரித்தபடி சொன்னான். அந்தச் சிரிப்பு இன்னும் நம்மை விட்டபாடில்லை.

ஆகவே இம்முறை நாம் விடை கூறாமல் வினாவே தொடுத்தோம். "பிள்ளை, உன்னை உறங்கவிடாத பிரச்சினை யாது?"

அவள் தயங்கவில்லை. "எங்கடை கிணத்துத் தண்ணி, சேர். அம்மம்மா குடிச்ச தண்ணியை இப்ப வாயிலை வைக்கேலாது."

தீவுக் கிணற்றின் இயல்பை வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார். சுண்ணக்கல்லின் அடியிலே கடல்நீர் பரந்திருக்க, அதன்மேல் மழைநீர் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்தின் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். இது சாதகம். ஆனால் நீரிறைக்கும் இயந்திரத்தால் மேலே ஓரடியை இழந்தால், காலப்போக்கில் கீழே 40 அடியையும் இழக்க நேரும்! இவ்வொரு கிணற்றிலே அவளுடைய மூன்று படிப்புகளும் கூடுகின்றன. மழைநீர் ஓடும் வழியும் குளமும் வீதியும் எங்கே அமைய வேண்டும் என்பது வடிவமைப்பு. எவ்வளவு இறைத்தால் எவ்வளவு மீளும் என்பது நிலைபேறு. வாரந்தோறும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து ஆராய்வது தரவு.

இப்படி யாவற்றையும் ஒருங்கே நோக்கியவர் ஒருவர் இருந்தார். பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். தாவரவியற் பேராசிரியராயிருந்து நகரத் திட்டமிடலுக்கு வந்தவர். 1914ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து, மதுரை முதலிய ஊர்களைக் கால்நடையாய்ப் பார்த்து எழுதினார். 1921இற் கொழும்புக்கும் ஒரு திட்ட அறிக்கை அளித்தார். முதலில் ஊரை அளந்தறி, பின்னர் திட்டமிடு என்பதே அவர் முறை. அவரிடம் நகர வடிவமைப்புப் பட்டம் இருந்ததா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

ஆயினும் இன்று பட்டத்தைக் கேட்பார்கள். அதை மறைப்பது நேர்மையன்று. எனவே கோவையை விரித்து, படிப்பின் பெயரை விட்டுப் பாடங்களின் பட்டியலை வாசித்தோம். நகர வடிவமைப்புக்குக் கட்டடக்கலைப் பட்டமோ வரைபலகைப் பயிற்சியோ வேண்டும். அவளிடம் அவை இல்லை. தரவுப் படிப்பிற் கணிதம் மிகுதி, மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிலைபேற்றுப் படிப்பிலோ பொதுப் பேச்சு அதிகம் என்பதே நம் கருத்து. ஆனால் அதிலே நிலத்தடி நீரியலையும் புள்ளிவிபரவியலையும் புவியியல் தகவல் முறைமையையும் விருப்பப் பாடங்களாய் எடுக்க இடமிருந்தது. ஆய்வுக்குச் சொந்த ஊரையே கொள்ளலாம் என்றும் கண்டிருந்தது.

"வேலை?" என்றார் தந்தையார்.

உறுதி கூற நாம் யார்? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் வெயிலாலும் காற்றாலும் மின்னாக்கும் திட்டத்துக்கு 2022இல் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டதைச் சொன்னோம். அத்தகைய வேலைகளுக்கு எண்ணும் தெரிந்து, ஊரும் தெரிந்தவர் வேண்டும் என்றோம். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டார் என்று சொல்லமுடியாது. அதற்குள் படகும் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாளாம். முதல் விருப்பப் பாடம் நிலத்தடி நீரியல்; இரண்டாவது புள்ளிவிபரவியல்; மூன்றாவதைத் தகப்பனார் சொன்னபடி கணினி நிரலாக்கம் என்று நிரப்பியிருந்தாள். கடிதத்தின் பின்புறத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் கிணற்று நீர்மட்டம் அங்குலக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அளந்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், "அப்பா" என்றிருந்தது.