மூன்று நிமிடம்

எங்கள் ஊர் ஜிம்மில் சேருகிறவர்களுக்கு ஓர் அட்டவணை தருவார்கள். ஆண்களுக்குக் கனமான எடை, ஒரு செட்டுக்கு ஐந்து முறை, அடுத்த செட்டுக்கு முன் மூன்று நிமிட ஓய்வு. பெண்களுக்குச் சின்ன டம்பெல், இருபது முறை, முப்பது விநாடி ஓய்வு. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். "லேடீஸுக்கு வெயிட் குறையணும் மேடம். உக்காந்துட்டா உடம்பு ஆறிடும்" என்றார் பயிற்சியாளர். ஆணுக்குப் பலம் கூட வேண்டும், பெண்ணுக்கு உடம்பு குறைய வேண்டும். ஓய்வு நேரத்தையும் இந்த எண்ணமே பங்கு போடுகிறது.

ஆறிடும் என்பதை அவர் ஒரு கெடுதலாகச் சொன்னார். தமிழில் புண் ஆறும், பசி ஆறும், மனம் ஆறும், களைத்தவர் இளைப்பாறுவார். ஆறுவது என்றால் மீள்வதும்தான். தசையும் அப்படித்தான் மீள்கிறது. கனமான எடையைத் தூக்கும்போது அது முதலில் செலவழிப்பது தன்னிடம் இருப்பாக உள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டை. சில விநாடிக் கடும் உழைப்பிலேயே அந்த இருப்பு வெகுவாகக் கரைந்துவிடும். அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி திரும்பும். பெரும்பகுதி திரும்ப மூன்று நிமிடமாவது வேண்டும்.

2016இல் வெளியான ஓர் ஆய்வில் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் எட்டு வாரம் இரண்டு குழுக்களுக்கு ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு நிமிட ஓய்வு, மற்றதற்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கே பலமும் தொடைத் தசையும் கூடுதலாக வளர்ந்தன. அதில் பங்கேற்றவர்கள் 21 பேர். அத்தனை பேரும் இளம் ஆண்கள்.

ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896லேயே பளு தூக்கினார்கள். பெண்களுக்கு அந்த மேடை 2000இல், சிட்னியில்தான் கிடைத்தது. அங்கே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். பளுதூக்கும் போட்டியில் ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால் அவருக்கு இரண்டு நிமிடம் தர வேண்டும் என்பது விதி. அங்கே ஓய்வு யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல.

வீட்டில் அப்படியொரு விதி இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அந்த 299 நிமிடக்காரியைத்தான் "வீட்டுல சும்மாதானே இருக்கா" என்கிறார்கள். தாயுமானவர் பாடிய சும்மா இருத்தல் ஞானத்தின் உச்சம். பெண்ணிடம் வரும்போது அதே சொல் வசையாகிவிடுகிறது.

அதனால்தான் ஜிம்மிலும் நம்மால் சும்மா உட்கார முடிவதில்லை. செட் முடித்த கையோடு போனை எடுக்கிறோம். "மூணு விசில் வந்ததும் அணைச்சிடு", "உன் சாக்ஸ் ரெண்டாவது தட்டுல இருக்கு பாரு." பார் கீழே இறங்கிவிட்டது, வீடு இன்னும் தோளில் இருக்கிறது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும் பெண்ணிடம் யாராவது வந்து "முடிச்சிட்டீங்களா மேடம்?" என்று கேட்பார்கள். பக்கத்தில் ஐந்து நிமிடமாக உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம் கேட்க மாட்டார்கள். "இன்னும் ரெண்டு செட் இருக்கு தம்பி" என்று உட்கார்ந்தபடியே சொல்லப் பழகியிருக்கிறேன்.

என் கணக்கு எளிது. ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பெரிய பயிற்சிகளுக்கு மூன்று நிமிடம், மிகக் கனம் என்றால் ஐந்து. கைத்தசைக்கான சிறு பயிற்சிகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். முதல் செட்டில் எட்டு முறை தூக்கிய எடை அடுத்ததில் ஐந்தோடு நின்றால், ஓய்வு போதவில்லை என்று எடுத்துக்கொள்வேன். போன் பைக்குள் இருக்கும். கைக்கடிகாரம் மட்டும் போதும்.

நாற்பதுகளில் தசை மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் தேய்மானம் வேகமெடுக்கிறது. என் அம்மா எழுபது வயதில் தரையிலிருந்து எழச் சுவரைத் தேடினார். ஆயுள் முழுக்கக் குடமும் அரிசி மூட்டையும் சுமந்த உடம்பு அது. சுமைகளுக்கு நடுவே இளைப்பாறிய உடம்பு அல்ல. அந்த வயதில் நான் சுவரைப் பிடிக்காமல் எழ வேண்டும். அதற்கான மூன்று நிமிடத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை.